மண்ணுக்கு யாருங்க பையர்?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை புடிச்சுக் கெடக்குது. ஷிப்மென்ட்டு, சாம்பிள், பையர் மெயிலுன்னு ஓடுன ஓட்டத்துல எழுத உக்காரவே முடியலைங்க. இப்ப என்னை எழுத வச்சது ரெண்டு டிப்பர் மண்ணு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எங்க மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) திருமுருகன்பூண்டில ஒரு சின்ன நிட்டிங் செட்டு. பூண்டி தெரியாதவங்களுக்கு ஒரு வரி: அவினாசிக்கும் திருப்பூருக்கும் நடுவுல, நல்லாத்துக்கு ஓரமா இருக்கற ஊரு. ரோட்டோரமெல்லாம் சிலை செதுக்கற பட்டறைங்க. உளிச்சத்தம் ஒரு பக்கம், நிட்டிங் மிஷின் சத்தம் இன்னொரு பக்கம். சேரமான் பெருமாள்கிட்ட பரிசு வாங்கிட்டு வந்த சுந்தரரை, வேடர் வேஷத்துல வந்த சிவகணங்க வழிமறிச்சு மொத்தத்தையும் பறிச்சுட்டாங்க, அவரு பாட்டு பாடி திரும்ப வாங்கிட்டாருன்னு சொல்ற தலம் இதுதான்.

2008லருந்து 2014 வரைக்கும் நம்மூரு கரண்டு கட்டு யாருக்கும் மறந்திருக்காது. அதுலயும் 2012ல சில நாள் 12 மணி நேரத்துக்கும் மேல கரண்டு இருக்காது. மிஷின் நின்னா ஜாப் ஒர்க் போச்சு, கூலி போச்சு. அதனால செட்டுக்குப் பின்னாடி ஒரு டீசல் ஜெனரேட்டர் வச்சாரு மாமா. அது ஓடுன ஓட்டத்துக்கு அளவே இல்ல. சுமாரா 250 மணி நேரத்துக்கு ஒருக்கா எஞ்சின் ஆயில் மாத்தோணும்ங்கறது பல ஜெனரேட்டருக்கு உள்ள கணக்கு. தினம் பத்து மணி நேரம் ஓடுனா மாசம் ஒருக்கா ஆயில் மாத்தோணும். மாத்துன கருப்பு ஆயில்ல ட்ரம்முல புடிச்சது கொஞ்சம், பேரலுக்கு வெளிய போனது கொஞ்சம். டீசல் ஊத்தறப்ப சிந்துனது கொஞ்சம். மிஷின்ல இருந்து வழிச்ச நீடில் ஆயிலும் அதே எடத்துலதான். எல்லாம் மண்ணுக்குள்ள.

அப்புறம் கரண்டு நல்லாயிருச்சு, ஜெனரேட்டரை வித்தாச்சு. ஆனா அந்த எடம் மட்டும் கருப்பாவே நின்னுபோச்சு. ஒரு புல்லு மொளைக்காது. மழை பேஞ்சா தேங்கற தண்ணி மேல வானவில்லு மாதிரி கலர் மெதக்கும். சின்ன வயசுப் பசங்க அதைப் பாத்து "மாமா, ரெயின்போ"ன்னு குதிப்பாங்க. இந்த வருஷம் அந்த எடத்துல பொண்ணுக்கு ஒரு போர்ஷன் கட்டிக் குடுக்கலாம்னு மாமா முடிவு பண்ணாரு. குடிக்கிற போர் அங்கிருந்து அறுபது அடி தூரம்.

பொக்லைன்காரர் வந்து பாத்தாரு. "ரெண்டு டிப்பர் வருமுங்க. வழிச்சு எடுத்து நல்லாத்துப் பள்ளத்துல தட்டிரலாம். இல்லீன்னா பாறைக்குழி எதுலயாச்சும் கொட்டிரலாம். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க"ன்னாரு. ஒருத்தரும் கேக்கமாட்டாங்கங்கறதுதான் அவரு குடுத்த கேரண்டி.

ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர் வந்தாரு. யாரோ சொல்லி அனுப்புன ஏஜென்ட்டு. கையில ஒரு அஞ்சு லிட்டர் கேன். "பயோ சர்ஃபேக்டன்ட் சார். இயற்கையான சோப்பு. ஊத்தி தண்ணி அடிச்சு விட்டீங்கன்னா பதினஞ்சு நாள்ல மண்ணு பளிச்சுனு ஆயிரும். ஆயில் எங்க போச்சுன்னே தெரியாது." மாமாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் புடிச்சுப்போச்சு. எனக்குத்தான் அந்தக் கடைசி வார்த்தை உறுத்துச்சு. எங்க போச்சுன்னு தெரியாதா? அது தெரியோணுமேங்க!

"என்றா கண்ணு, நீயி படிச்சவன், பாத்துச் சொல்லு"ன்னு மாமா என் தலையில கட்டிட்டாரு. நான் படிச்சது பி.காம். :-) இருந்தாலும் மூணு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன், தெரிஞ்ச கெமிக்கல்காரங்ககிட்ட கேட்டேன். அதுல எனக்குப் புரிஞ்சதும், அதுல இருந்து எனக்குத் தோணுனதும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து படிங்க.

மொதல்ல சர்ஃபேக்டன்ட்னா என்ன? திருப்பூர்க்காரனுக்கு இதைப் புதுசா சொல்ல வேண்டியதே இல்லைங்க. நிட்டிங் மிஷின்ல ஊசி சூடாகாம ஓட நீடில் ஆயில் ஊத்தறோம். அந்த ஆயில் துணியில ஏறும். அதோட சாயம் போட்டா திட்டுத்திட்டா புடிக்கும். அதனால சாயப்பட்டறையில மொதல்ல சோப் ஆயில், வெட்டிங் ஏஜென்ட்டு போட்டுக் கழுவி ஆயிலை எடுக்கறாங்க. கழுவுனா போற மாதிரி நீடில் ஆயில்லயே எமல்சிஃபையர் சேத்துதான் விக்கறாங்க. இதெல்லாமே சர்ஃபேக்டன்ட் வேலைதான். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணி பக்கம் ஒரு தலை, எண்ணெய் பக்கம் ஒரு வாலு. வாலு எண்ணெயைப் புடிக்கும், தலை தண்ணியோட போகும். நூல்ல ஒட்டுன எண்ணெய் குட்டிக்குட்டி உருண்டையா கழண்டு தண்ணியில மெதக்க ஆரம்பிச்சிரும்.

இந்த வேலையை கெமிக்கல் கம்பெனிக்கு முன்னாடியே நுண்ணுயிருங்க செஞ்சுட்டு இருக்குது. எண்ணெயைத் திங்கிற பாக்டீரியாவுக்கு ஒரு பிரச்சனை: அது தண்ணியில வாழற ஜீவன், சாப்பாடோ தண்ணியில கரையாதது. அதனால பல பாக்டீரியாங்க தானே ஒரு சோப்பு தயாரிச்சு வெளிய விடுது. அதுதான் பயோ சர்ஃபேக்டன்ட், தமிழ்ல உயிரிச் சோப்புன்னு வச்சுக்கலாம். சூடோமோனாஸ் ஏருஜினோசாங்கற பாக்டீரியா ரேம்னோலிப்பிடுன்னு ஒண்ணைத் தயாரிக்குதுன்னு 1949லயே எழுதி வச்சுட்டாங்க. மண்ணுல சாதாரணமா இருக்கற பேசில்லஸ் சப்டிலிஸ்கிட்ட இருந்து சர்ஃபேக்டின்னு ஒண்ணை 1968ல ஜப்பான்காரங்க பிரிச்சு எடுத்தாங்க. தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை 72னு வச்சுக்கிட்டா, துளியூண்டு சர்ஃபேக்டின் போட்டா 27க்கு எறங்கிரும். சோப்புத்தூளுக்கு சவால் விடற ஐட்டம்.

நம்ம பாட்டிங்க பட்டுச்சேலைக்கும் தலைக்கும் போட்ட பூந்திக்கொட்டை, சீயக்காய்ல நுரை வர வைக்கற சப்போனினும் இதே மாதிரி வேலை செய்யறதுதான், ஆனா அது மரம் தயாரிக்கறது. பூந்திக்கொட்டைத் தண்ணிய வச்சு அழுக்கு மண்ணைக் கழுவிப் பாத்த ஆராய்ச்சிங்க கூட உண்டு. (பூண்டிக்காரனுக்கு பூந்திக்கொட்டை... சரி விடுங்க, மொக்கை வேண்டாம்.)

சரி, அப்ப ஏஜென்ட்டு சொன்னது உண்மைதானேன்னு கேப்பீங்க. பாதி உண்மைங்க. மீதிப் பாதியிலதான் எல்லாப் பிரச்சனையும்.

சோப்பு எண்ணெயை அழிக்கறதில்லை. எடம் மாத்துது. துணியில இருந்து தண்ணிக்கு, மண்துகள்ல இருந்து தண்ணிக்கு. அவ்வளவுதான் அதோட வேலை. இதைத் திருப்பூரை விட நல்லாத் தெரிஞ்ச ஊரு உலகத்துல இருக்கா? முப்பது வருஷமா துணியைக் கழுவுனோம், துணி பளிச்சுனு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போச்சு. கழுவுன தண்ணி நொய்யலுக்குப் போச்சு. வெவசாயத்துக்குன்னு 1992ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியா ஆச்சு. கடைசியில 2011 ஜனவரி 28ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைங்களை மூடச் சொன்னப்பதான், அழுக்கு "போகல", எடம்தான் மாறிச்சுன்னு நமக்கு உறைச்சுது. அந்தப் பாடத்தை தண்ணியில படிச்ச நாம, இப்ப மண்ணுல திரும்ப மொதல்ல இருந்து படிக்கப் போறமா?

மாமா செட்டுல அந்தக் கேனை ஊத்தி தண்ணி அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? மண்ணோட ஒட்டிக் கெடந்த ஆயில் கழண்டு கீழ எறங்கியிருக்கும். நம்மூரு அடியில செம்மண், அதுக்குக் கீழ சரளை, அதுக்குக் கீழ பாறை. பாறை இடுக்குலதான் தண்ணி. அந்த இடுக்கு அறுபது அடி தள்ளி இருக்கற போருக்குப் போகுதா, பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துக்குப் போகுதான்னு யாரு பாத்தா? இத்தனை வருஷம் ஒரே எடத்துல அசையாம கெடந்த அழுக்கை நாமளே காசு குடுத்து தண்ணிக்குள்ள அனுப்பி வச்ச மாதிரி ஆயிருக்கும்.

பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. யாழ்ப்பாணம் சுன்னாகத்துல என்ன ஆச்சுன்னு நம்ம ஈழத்து நண்பர்கள் நல்லாவே சொல்லுவாங்க. அங்க மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் மண்ணுல எறங்கி, சுண்ணாம்புப் பாறை வழியா சுத்துவட்டார வீட்டுக் கெணறுங்கள்ல கலந்துச்சு. குடிக்கிற கெணத்துல எண்ணெய் வாடை. 2019 ஏப்ரல் 4ல இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் கம்பெனியை பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. காசு வந்தா கெணறு பழையபடி ஆயிருமா? மண்ணுல சிந்துன எண்ணெய் தண்ணிக்குப் போயிருச்சுன்னா, அப்புறம் அதைத் தொரத்திப் புடிக்கறது சாமானியப்பட்ட வேலை இல்ல.

கடல்லயும் இதே கதைதான். 1967ல இங்கிலாந்துக் கரையில டோரி கேன்யன் கப்பல் ஒடைஞ்சப்ப, எண்ணெயைக் கரைக்க சுமார் 10,000 டன் டிடர்ஜென்ட்டைக் கொட்டுனாங்க. எண்ணெயை விட அந்த சோப்புதான் கரையோர ஜீவன்களை அதிகமாக் கொன்னுதுன்னு பின்னாடி கண்டுபுடிச்சாங்க. 2010ல மெக்சிகோ வளைகுடாவுல கெணறு வெடிச்சப்பவும் சுமார் 70 லட்சம் லிட்டர் கரைப்பான் ஊத்துனாங்க. எண்ணெய் கண்ணுக்கு மறைஞ்சுது, ஆனா அதை ஊத்துனது சரியா தப்பான்னு அப்புறம் பல வருஷம் சண்டை.

அப்ப உயிரிச் சோப்பு வேஸ்ட்டா? இல்லவே இல்லைங்க. அது செய்யற வேலையைப் புரிஞ்சுக்கிட்டா அருமையான சாமான். சோப்பு பந்தி போடறவன் மாதிரி. எலை போட்டு, எண்ணெயைத் துளித்துளியாப் பிரிச்சு வைக்கும். திங்கறதுக்கு ஆள் வேணும். எண்ணெயைத் தின்னு கரியமில வாயுவாவும் தண்ணியாவும் மாத்தற பாக்டீரியாதான் அந்த ஆள். சோப்பு, திங்கற பாக்டீரியா, அழுக்கு வெளிய ஓடாத மாதிரி ஒரு அடைப்பு... இந்த மூணும் சேந்தாத்தான் அது சுத்தம் பண்றது. மொத ஒண்ணு மட்டும் இருந்தா அதுக்குப் பேரு எடம் மாத்தறது.

திங்கற ஆளுக்கு நம்ம நாட்டுல பஞ்சம் இல்லை. மேற்கு வங்காளத்துல பொறந்த ஆனந்த சக்ரவர்த்தி அமெரிக்காவுல எண்ணெய் திங்கற பாக்டீரியாவை உருவாக்கி, அதுக்குக் காப்புரிமை கேட்டு, 1980ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சாரு. அந்தப் பாக்டீரியா எண்ணெய்க் கசிவுல எறங்கவே இல்லைங்கறது வேற கதை. டில்லியில டெரி ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய்க் கெணத்து மண்ணுல இருந்தே அஞ்சு வகை பாக்டீரியாவைப் பிரிச்சு, மக்காச்சோளக் கட்டைத்தூள்ல ஏத்தி ஆயில்சாப்பர்னு கொண்டுவந்தாங்க. எண்ணெய்க் கம்பெனி கசடுக் குழிங்கள்ல அதைப் போட்டு வேலை பாக்கறாங்க. 2017 ஜனவரி 28ல எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதுனப்ப, பசங்க வாளியில எண்ணெய் அள்ளுன போட்டோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. அள்ளுன கசடை என்ன பண்ணாங்கன்னு எத்தனை பேரு பாத்தோம்? அதையும் குழியில போட்டு நுண்ணுயிர் வச்சு சுத்தம் பண்ற வேலைதான் நடந்துச்சு. 1989 அலாஸ்கா எண்ணெய்க் கசிவுக்கு அப்புறம் அங்கத்து கூழாங்கல்லுல பாக்டீரியா சோப்பைப் போட்டுப் பாத்து, வெறும் தண்ணியை விட நல்லா எண்ணெயை எடுக்குதுன்னு 1990லயே எழுதியிருக்காங்க.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்ட விஷயம் ஒண்ணு. நம்ம கருப்பு மண்ணுலயே அந்தப் பாக்டீரியா இருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷமா எண்ணெய் கெடந்த எடத்துல, அதைத் திங்கக் கத்துக்கிட்ட கூட்டம் பெரும்பாலும் தானா வந்து சேந்திருக்கும். அதுக்குக் காத்து இல்ல, சத்து இல்ல, ஈரம் இல்ல. அதனால பட்டினியா உக்காந்திருக்கு. எண்ணெய்ல கரி ஏகப்பட்டது இருக்கு, ஆனா தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்ல. நூறு பங்கு கரிக்கு பத்து பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்துன்னு ஒரு பொதுக் கணக்கு சொல்றாங்க. அதைக் குடுத்துட்டா, திங்கற ஆளே தனக்கு வேண்டிய சோப்பைத் தயாரிச்சுக்கும். கேன்ல வாங்க வேண்டியதில்லை. சொல்லப்போனா வெளிய இருந்து சோப்பு அதிகமா ஊத்துனா, சில பாக்டீரியா எண்ணெயை விட்டுட்டு சோப்பையே மொதல்ல தின்னுட்டு உக்காந்துக்குமாம். கல்யாண வீட்டுல வெல்கம் ட்ரிங்க்லயே வயித்தை ரொப்பிக்கற மாதிரி. :-)

எல்லாத்தையும் அது தின்னுருமான்னா, அதுவும் இல்லைங்க. டீசல் மாதிரி லேசான சரக்கு சீக்கிரம் போகும். கரிஞ்ச எஞ்சின் ஆயில்ல இருக்கற பல வளையச் சேர்மங்க (புத்துநோய் வர வைக்கற சிலதும் இதுலதான்) ரொம்ப மெதுவாத்தான் போகும். ஆயில்ல வர்ற துத்தநாகம், ஈயம் மாதிரி உலோகத்தை எந்தப் பாக்டீரியாவும் ஒண்ணும் இல்லாம பண்ண முடியாது. உலோகம் உலோகமாவே இருக்கும். அதனால "பதினஞ்சு நாள், பளிச்"ங்கறவனை நம்பாதீங்க. மாசக்கணக்காகும். ஆரம்பத்துலயும் கடைசியிலயும் லேப் டெஸ்ட் பண்ணாத எதையும் சுத்தம்னு சொல்ல முடியாது. மூக்கை நம்பக்கூடாது. வாடை மொதல்ல போகும், அழுக்கு பின்னாடிதான் போகும்.

டெஸ்ட்டுன்னதும் நம்ம தொழிலோட வேடிக்கை ஒண்ணு ஞாபகம் வருது. நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டுன்னு ஒரு சோப்பு ஐட்டம். துணி கழுவ ரொம்ப நாளா ஓடிட்டு இருந்தது. அது ஒடைஞ்சு வர்ற நோனைல்பீனால் மீனோட ஹார்மோனைக் கெடுக்குதுன்னு, 2021 பிப்ரவரி 3லருந்து தண்ணியில தொவைக்கிற துணியில 0.01 சதவீதத்துக்கு மேல இருந்தா ஐரோப்பாவுக்குள்ள விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்தே பையருங்க "ஏபிஇஓ ஃப்ரீ" ரிப்போர்ட் இல்லாம சரக்கு எடுக்கறதில்லை. நானே எத்தனை தடவை ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ரிப்போர்ட்டுக்கு அலைஞ்சிருக்கேன்! பத்தாயிரத்துல ஒரு பங்குக்கு அந்தப் பாடு. அதே துணியை நெஞ்ச செட்டுக்குப் பின்னாடி மண்ணு கையில எடுத்துப் புழிஞ்சா ஆயில் சொட்டுற மாதிரி கெடக்கு. அதுக்கு ரிப்போர்ட் கேட்டு ஒரு மெயில் வந்ததில்லை.

ஏன்னா துணிக்கு பையர் இருக்கான். மண்ணுக்கு யாருங்க பையர்?

இதுதான் என் கட்சி. நொய்யல் மாதிரி பெரிய அழுக்குக்கு கோர்ட்டு இருக்கு, பேப்பர்ல போட்டோ வரும். எண்ணூர்க் கசிவுக்கு, 2017ல கதிராமங்கலத்துல குழாய் ஒடைஞ்சு கச்சா எண்ணெய் வயல்ல ஓடுனதுக்கு, போராட்டம் இருக்கு. ஆனா ஒரு செட்டுக்குப் பின்னாடி பதினஞ்சடிக்குப் பத்தடி கருப்பு மண்ணுக்கு யாரும் இல்ல. பூண்டில, அவினாசில, அனுப்பர்பாளையத்துல, பெருமாநல்லூர்ல அந்த மாதிரி எத்தனை எடம்னு எண்ணிப் பாருங்க. டூவீலர் பட்டறை, லாரி பட்டறை, பழைய ஜெனரேட்டர் மேடை, கம்ப்ரசர் ரூமு, பழைய இரும்புக்கடை. ஒவ்வொண்ணும் சின்னது. எல்லாத்துக்கும் கீழ ஒரே பாறை இடுக்குத் தண்ணி.

"நொய்யல்ல ஓடுன சாயத்துக்கு முன்னாடி இது ஒரு பிரச்சனையா"ன்னு மாமாவே கேட்டாரு. நியாயமான கேள்வி. நான் சொன்னது இதுதான்: "மாமா, நொய்யல் நம்ம கையில இல்ல. இது நம்ம கையில இருக்கு. அங்க தப்புப் பண்ணது யாருன்னு கண்டுபுடிக்கவே இருபது வருஷமாச்சு. இங்க யாருன்னு நமக்குத் தெரியும்." மாமா ஒண்ணும் பேசலை. வெத்தலையை மென்னுட்டு அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தாரு. எனக்கே கொஞ்சம் அதிகமாப் பேசிட்டமோன்னு இருந்துச்சு.

முறைப்படி பாத்தா, எண்ணெய் கலந்த கழிவு அபாயக் கழிவு விதியில வருது. அதை ஆத்துலயோ பாறைக்குழிலயோ தட்டறது சட்ட விரோதம். அதைப் புதைக்கறதுக்குன்னு அனுமதி உள்ள எடம் ஒண்ணு கும்மிடிப்பூண்டில இருக்கு. நம்ம பூண்டிக்கும் அந்தப் பூண்டிக்கும் ஐந்நூறு கிலோமீட்டர் கிட்ட. ரெண்டு டிப்பர் மண்ணுக்கு எவன் அவ்வளவு தூரம் வண்டி கட்டுவான்? அதனாலதான் எல்லாம் ராத்திரில பள்ளத்துக்குப் போகுது. 2025 ஜூலையில மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்குன்னு தனியா விதி கொண்டுவந்துச்சு. உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் சந்தேகப்படற எடங்களைப் பட்டியல் எடுத்து மாநில வாரியத்துக்குச் சொல்லோணும். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பட்டியல்ல பெரிய ஃபேக்டரி வருமே ஒழிய ஜெனரேட்டர் மேடை எங்க வரப் போகுது?

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சாயத்தண்ணிக்கு பத்துப் பட்டறை சேந்து பொது சுத்திகரிப்பு நிலையம் வச்ச ஊரு இது. அதே மாதிரி எண்ணெய் மண்ணுக்கு மாவட்டத்துக்கு ஒரு பொது மேடை வேணும். கீழ கசியாத தளம், மேல கூரை, ஓரத்துல வடிகால் தொட்டி. செட்டுக்காரன், பட்டறைக்காரன் டிப்பருக்கு இவ்வளவுன்னு காசு கட்டிக் கொண்டாந்து கொட்டட்டும். உரம் கலந்து, கெளறி, உயிரிச் சோப்பு தேவைப்படற மண்ணுக்கு மட்டும் அளவா போட்டு, டெஸ்ட்ல தேறுன மண்ணைத் திரும்பக் குடுக்கட்டும். உயிரிச் சோப்பு விலை ஜாஸ்திங்கறது உண்மைதான். ஆனா வெல்லப்பாகு, பலகாரக் கடையில மிஞ்சுன எண்ணெய் மாதிரி கழிவுல இருந்தே அதைத் தயாரிக்கலாம்னு நெறைய காலேஜ் லேபுங்கள்ல வேலை நடக்குது. கோயமுத்தூரைச் சுத்தி இத்தனை காலேஜ் இருக்கே, அந்தப் பசங்களுக்கு இதை விட நல்ல புராஜெக்ட் கெடைக்குமா?

அதுவரைக்கும் எங்க மாமா செட்டுல நாங்க பண்ணது இது. மொதல்ல மண்ணு சாம்பிளை எண்ணெய்க்கும் உலோகத்துக்கும் லேபுக்கு அனுப்புனோம். கூடவே போர் தண்ணியையும். தண்ணி இப்பைக்குத் தப்பிச்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்தப்பதான் அத்தைக்கு மூச்சே வந்துச்சு. மண்ணு ரிப்போர்ட் படிக்கற மாதிரி இல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல போய் விவரம் சொல்லி எழுதிக் குடுத்தோம். அப்புறம் எடத்தை விட்டு வெளிய கொண்டுபோகாம, பழைய செட்டுக்குள்ளயே சிமெண்ட் தரையில கெட்டியான தார்ப்பாய் ரெண்டு விரிச்சு, சுத்தி செங்கல் வரப்பு கட்டி, கருப்பு மண்ணை இடுப்பு உயரத்துக்கு அம்பாரம் போட்டோம். மக்குன சாணி எரு, கொஞ்சம் உரம், காத்து போக பஞ்சு மில்லுக் கழிவு கலந்தோம். கையில புடிச்சா உருண்டை ஆகோணும், தண்ணி சொட்டக்கூடாது, அவ்வளவுதான் ஈரம். வாரம் ஒருக்கா கையுறை, முகத்துணி போட்டுக்கிட்டுக் கெளறல். கேன் வாங்கலை.

கெளறுன மொத மாசம் வாடை தலைவலிச்சுது. இப்ப மழை பேஞ்ச தோட்டத்து வாடை லேசா வருது. ஆனா மேல சொன்னதுதான், மூக்கை நம்பக்கூடாது. ரெண்டாவது சாம்பிள் போன வாரம்தான் போயிருக்கு. தேறலைன்னா இன்னும் ஆறு மாசம் கெளற வேண்டியதுதான். உலோகம் ஜாஸ்தியா நின்னா அந்த மண்ணை எந்தக் காரணத்துக்கும் காய்கறிக்குப் போடறதில்லைன்னு எழுதியே வச்சாச்சு. பொண்ணோட போர்ஷன் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அதுல எங்க அத்தைக்கு என் மேல இன்னும் கோவம். போன ஞாயித்துக்கெழமை சோத்துல கொழம்பு ஊத்தறப்ப கரண்டிச் சத்தத்துலயே தெரிஞ்சுது.

பொக்லைன்காரர் போன வாரம் இந்தப் பக்கம் வந்து அம்பாரத்தைப் பாத்துட்டு, "ஏனுங்க, இதையா கெளறிட்டு இருக்கீங்க? நானா இருந்தா அன்னைக்கே தட்டிட்டுப் போயிருப்பேன்"ன்னாரு. மாமா சொன்னாரு: "எங்க தட்டுவே? அந்தப் பள்ளத்துக்குக் கீழதான் என்ற சம்பந்தி தோட்டம் இருக்குது."

அன்னைக்கு வெத்தலையை மென்னுட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்த மனுசன்! பூண்டில பறிபோனதை சுந்தரர் பாடி வாங்கிட்டாரு. எங்களுக்குப் பாட்டு வராது, அதனால கெளறிட்டு இருக்கோம்.

உங்க வீட்டுக்குப் பின்னாடி, செட்டுக்குப் பின்னாடி, தெருமுக்குப் பட்டறையில அந்த மாதிரி கருப்பு எடம் இருக்கான்னு ஒரு நடை போய் பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. டெஸ்ட் பண்ணவங்க இருந்தா கட்டாயம் எழுதுங்க.

டிஸ்கி: நான் கெமிஸ்ட்டும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. இதைப் பாத்துட்டு பெரிய எடத்துல நீங்களா எறங்கிராதீங்க, தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுப் பண்ணுங்க. கேன் ஏஜென்ட்டு நம்பர் கேட்டு யாரும் மெயில் போடாதீங்க, மாமா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாரு.